இருபத்தெட்டு வாய்க்காரி

காகிதத்தில் அவள் பெயர் கான்ஸ்டன்ஸி.
மாறாதவள் என்று அர்த்தமாம்,
துபாஷி அருணகிரி சொன்னார், சிரிக்காமல்.
கீழக்கரையில் நாங்கள்
விலாவில் திறந்த வாய்களை எண்ணி
இருபத்தெட்டு வாய்க்காரி என்றோம்.

கடலில் அவளுக்கு வாய்த்தது
மூன்று வருஷம், நாலு மாதம்.
அதில் ஒரு வருஷம் பம்பாயில் கரையேறிக் கிடந்தாள்,
பலகை மாற்றி
அடிவயிற்றுக்குச் செப்புத் தகடு போர்த்த.
எதிரி என்று ஒருவனை அவள் பார்த்ததே இல்லை.
நாகப்பட்டினத்தில் யாருக்கோ மரியாதைக்குப் பதினொரு வேட்டு.
தொண்டிக்கு வெளியே
ஒரு பாக்குத் தோணியின் தலைக்கு மேல் ஒன்று.
அந்தத் தோணியில் என் மச்சான் சுல்தான்கனி இருந்தான்.
ஆறு மாசம்,
கதவைச் சாத்தினாலும் குந்திவிடுவான்.

கச்சான் திசை மாறிய ராத்திரி
அப்பா தீவுக்குத் தெற்கே
ஆர்க்காட்டி நைனார் லெப்பை கையை நீட்டினார்:
"முன்னால ஆமையோட்டுப் பார். ஒதுக்குங்க."
படத்தில் இல்லையே என்றார்கள்.
விளக்கைக் கொண்டுவந்து
படத்தையே விரித்துக் காட்டினார்கள்.
வாஸ்தவம்தான், அந்த இடத்தில் வெறும் தாள்.
எல்லோரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
தட்டியது.

ஏழு பேர் கரை சேரவில்லை.
எட்டாம் நாள் ஏர்வாடிப் பக்கம் ஒரு பையன் ஒதுங்கினான்,
வெடிமருந்து சுமக்கிறவன், பன்னிரண்டு வயசிருக்கும்.
ஒரு காலில் மட்டும் சப்பாத்து.
அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று
மண் தோண்டியவர்கள் வெகுநேரம் பேசினார்கள்.

பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள்:
மதாறு, சங்கு குளிப்பவன்,
ஆறு பாகத்தில் நூறு எண்ணும்வரை நிற்பான்.
பீரங்கிக்கு இரண்டு வராகன்.

குளிகல்லில் கால் வைத்து இறங்கினேன்.
ஈனமாட்டாத பசுபோல் சாய்ந்து கிடந்தாள்.
அரிசி மூட்டைகள் ஊதி வெடித்து
குஞ்சுமீன்களுக்குப் பெருநாள்.
உடையாத மணற்கடிகாரம் ஒன்று
கயிற்றுச் சுருளுக்குள் தலைகீழாய்.
சும்மா நிமிர்த்தி வைத்தேன்.
மணல் இறங்க ஆரம்பித்தது.
விரற்கடை அளவு இறங்குமுன் எனக்கு மூச்சு முடிந்தது.
மீதி நேரத்தை அங்கேயே விட்டுவிட்டு
மேலே வந்தேன்.

பத்தொன்பது ஏற்றினோம்.
மற்றதை மணல் மூடிவிட்டது என்றேன்.
மணல் மூடவில்லை.
இருபதாவதின் வாய்க்குள் ஒரு களவா குடியேறியிருந்தது,
கிழட்டு மீன், என்னைக் கண்டும் நகரவில்லை.
தோணிக்கு மேல் சுட்ட வாய் எது என்று
யாரால் சொல்ல முடியும்?
ஒன்பதை விட்டதற்குக் காரணம்
மீனா மச்சானா என்று என்னைக் கேட்காதீர்கள்.
பதினெட்டு வராகன் போச்சு,
அந்தக் கணக்கு என் பெண்டாட்டியிடம் இருக்கிறது.

விசாரணைக்காரர்கள் வந்தார்கள்.
பள்ளியிலிருந்து குர்ஆன் வரவழைத்துச் சத்தியம் வாங்கினார்கள்.
நல்லவேளை, பீரங்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை.
கேட்டது இவ்வளவுதான்:
அந்தப் பாறைக்குப் பெயர் உண்டா?

ஆமையோட்டுப் பார்.
என் அப்பன் பிறக்குமுன்னே அதுதான் பெயர்.

எழுத்தர் எழுதினார்.
அடித்தார்.
நாக்கைச் சுழற்றிப் பார்த்து மறுபடி எழுதினார், மறுபடி அடித்தார்.

மாசியில் செய்தி வந்தது, கப்பித்தான்மேல் குற்றமில்லை,
எவருமே அறியாத பாறையாம்.
நைனார் லெப்பைக்குக் கூலி இன்னும் பாக்கி.

மறு வருஷம் அளக்கிற கப்பல் ஒன்று
புதுப் படத்தோடு வந்தது.
வெறும் தாள் இருந்த இடத்தில் சின்னதாய் ஒரு சிலுவைக் குறி,
பக்கத்தில் எறும்பு எழுத்து.
அருணகிரி குனிந்து படித்தார்:
கான்ஸ்டன்ஸி பாறை.
இந்தத் தடவை சிரித்துவிட்டார்.

செப்புத் தகடு எங்கே போனது என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.
எங்கள் வீட்டு அண்டாவுக்குப் புது அடி.
சோறு சீக்கிரம் வேகிறது.